காது அறுவைச் சிகிச்சைக்குப் பின் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு நடுச்செவி உள்வைப்புக் கருவி: ஓர் அறிமுகம்

நாள்பட்ட சீழ் வடிதலுக்காகவோ கொலஸ்டியடோமா என்னும் நோய்க்காகவோ காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர், காயம் ஆறிய பிறகு மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நோய் போய்விட்டது என்கிறீர்கள், பிறகு ஏன் காது சரியாகக் கேட்கவில்லை?" மிகவும் நியாயமான கேள்வி இது. கொலஸ்டியடோமா என்பது நடுச்செவிக்குள் இடம் மாறி வளரும் தோல். புற்றுநோய் இல்லையென்றாலும் அது சுற்றியுள்ள எலும்பை மெல்ல அரித்துக்கொண்டே போகும். அதை விட்டுவைத்தால் முக நரம்பு, சமநிலை உறுப்பு, மூளையின் உறை என்று ஒவ்வொன்றாக ஆபத்து நெருங்கும். ஆகவே இந்த அறுவைச் சிகிச்சையின் முதல் நோக்கம் நோயை அடியோடு நீக்கி, காதைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவருவதே. கேட்கும் திறனை மீட்பது இரண்டாவது நோக்கம். பல நேரங்களில் அது நிறைவேறாமல் போவதும் உண்டு. அப்படி விடுபட்டுப்போன செவித்திறனை மீட்க இன்று இருக்கும் வழிகளுள் ஒன்றுதான் நடுச்செவி உள்வைப்புக் கருவி.

அக்கருவி என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள, ஆரோக்கியமான நடுச்செவி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நடுச்செவியின் வேலை

ஒலி காற்றில் பயணம் செய்து வருகிறது. ஆனால் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் உட்செவி உறுப்பான காக்லியா முழுவதும் திரவத்தால் நிரம்பியது. காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தின் மேல் பட்டால், அதன் ஆற்றலில் ஏறக்குறைய 99.9 விழுக்காடு திரும்பித் தெறித்துவிடும். மிகச் சிறு பங்கே உள்ளே இறங்கும். இந்த இழப்பை ஈடுகட்டவே செவிப்பறையும் அதன் பின்னால் உள்ள மூன்று சிற்றெலும்புகளும் இருக்கின்றன. சுத்தி எலும்பு செவிப்பறையோடு ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து பட்டடை எலும்பு வழியாக அதிர்வு அங்கவடி எலும்புக்குச் செல்கிறது. அங்கவடியின் அடித்தட்டு, காக்லியாவின் நீள்வட்டச் சாளரத்தில் பொருந்தி உள்ளே இருக்கும் திரவத்தை அசைக்கிறது.

அகலமான தலையில் விரலால் கொடுக்கும் மெல்லிய அழுத்தம் குண்டூசியின் கூர்முனையில் பெரிதாகி அட்டையைத் துளைப்பதைப் போலவே இங்கும் நடக்கிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைவிடச் சுமார் 17 மடங்கு பெரியது. சுத்தியும் பட்டடையும் சேர்ந்து நெம்புகோலாகச் செயல்பட்டு இன்னொரு 1.3 மடங்கைக் கூட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை ஏறத்தாழ 22 மடங்கு உயர்த்துகின்றன. ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் கணக்கில் அது 27-ஐ ஒட்டி வரும். காற்றிலிருந்து திரவத்துக்கு மாறும்போது ஏற்படும் இழப்பில் பெரும்பகுதியை இந்தச் சிறிய எலும்புத் தொடர் இவ்வாறு மீட்டுத் தந்துவிடுகிறது.

கொலஸ்டியடோமாவும் நாள்பட்ட அழற்சியும் இந்தத் தொடரைத்தான் அறுக்கின்றன. பெரும்பாலும் முதலில் அரிபடுவது பட்டடை எலும்பின் நீண்ட கால். அடுத்து அங்கவடியின் வளைவுப் பகுதி. நோயை நீக்கும்போது மருத்துவரும், நோய் ஒளிந்திருக்கும் எலும்புகளை எடுத்தாக வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகலாம். நோய் பரவியிருந்தால் காதுக் குழாயின் பின்சுவரையே அகற்றி, காதின் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பையும் காதுக் குழாயையும் ஒரே பெரிய குழியாக ஆக்கிவிடுவார்கள். அந்தக் குழி நோய் திரும்புகிறதா என்று கண்ணால் பார்க்க வசதியானது; ஆனால் அதற்குள் அழுக்கு சேரும், ஈரம் தங்கும், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

அறுந்த எலும்புத் தொடரை மீண்டும் இணைக்கும் முயற்சி இயல்பாகவே முதலில் வரும். டைட்டானியத்தால் ஆன சிறு செயற்கை எலும்பைச் செவிப்பறைக்கும் அங்கவடிக்கும் இடையே பொருத்துவார்கள். நடுச்செவியில் காற்றோட்டம் நன்றாக இருந்து, அங்கவடி முழுமையாக எஞ்சியிருந்தால் இது நல்ல பலன் தரும். அங்கவடி போய்விட்டாலோ, மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் சரியாகத் திறக்காமல் செவிப்பறை உள்வாங்கிக்கொண்டே இருந்தாலோ, பலமுறை அறுவை நடந்து தழும்பு இறுகியிருந்தாலோ பலன் குறைகிறது. செயற்கை எலும்பு நகர்வதும், செவிப்பறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. இரண்டு, மூன்று முறை இப்படி முயன்று ஓய்ந்தவர்கள்தான் பெரும்பாலும் நடுச்செவி உள்வைப்பைப் பற்றிக் கேட்க வருகிறார்கள்.

ஆடியோகிராமில் இருக்கும் இரண்டு கோடுகள்

இந்த விஷயத்தில் நோயாளி கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால், தன் ஆடியோகிராமில் (செவித்திறனை அளந்து வரையும் வரைபடத்தில்) உள்ள இரண்டு கோடுகளைப் பிரித்துப் படிப்பதையே நான் சொல்வேன். ஒலியைக் காதொலிப்பான் வழியாகக் கேட்க வைத்து அளப்பது காற்றுவழிக் கோடு. காதின் பின்னால் உள்ள எலும்பில் அதிர்வூட்டியை வைத்து நேரடியாக உட்செவியை அசைத்து அளப்பது எலும்புவழிக் கோடு. காற்றுவழிக் கோடு புறச்செவி, நடுச்செவி, உட்செவி மூன்றின் நிலையையும் சேர்த்துக் காட்டும். எலும்புவழிக் கோடு ஏறத்தாழ உட்செவியின் நிலையை மட்டும் காட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் நடுச்செவியில் தொலைந்த அளவு. அது அதிகபட்சம் 60 டெசிபலை ஒட்டி வரலாம்.

உட்செவி நன்றாக இருந்து நடுச்செவியில் மட்டும் தடை இருந்தால் அது கடத்தல் வகைக் குறைபாடு. உட்செவியும் சேர்ந்து பலவீனமடைந்திருந்தால் கலப்பு வகைக் குறைபாடு. நெடுங்காலம் அழற்சி இருந்த காதுகளில் நச்சுப்பொருள்கள் உட்செவிக்குள் கசிவதாலும், வயது கூடுவதாலும் கலப்பு வகையே அதிகம் காணப்படுகிறது.

ஒருவருக்குக் காற்றுவழி அளவு 90 டெசிபல், எலும்புவழி அளவு 40 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம் (எண் கூடக் கூடக் குறைபாடும் கூடுதல்). காற்றுவழி எண்ணை மட்டும் கேட்பவர்கள் "காது போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அவருடைய உட்செவியின் குறைபாடு 40 டெசிபல் மட்டுமே. மீதி 50 டெசிபல் வழியிலேயே தொலைகிறது. வழக்கமான காது கேட்கும் கருவி காற்றின் வழியாகவே ஒலியைப் பெருக்கித் தருவதால், தொலையும் அந்த 50 டெசிபலையும் ஈடுசெய்து, உட்செவியின் குறைபாட்டுக்காகவும் கூடுதலாகப் பெருக்க வேண்டும். அவ்வளவு பெருக்கும்போது ஒலி சிதைகிறது; காதுக்குள் போட்ட ஒலி வெளியே கசிந்து ஒலிவாங்கிக்குத் திரும்பிக் கீச்சென்று கத்துகிறது. உட்செவித் திரவத்தை நேரடியாக அசைக்கும் கருவி ஒன்று இருந்தால், அது அந்த 50 டெசிபலைத் தாண்டிப்போய், 40 டெசிபல் குறைபாட்டை மட்டும் கவனித்தால் போதும். நடுச்செவி உள்வைப்பின் பயன் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

அறுவைக் குழி உள்ள காதில் வழக்கமான கருவிக்கு வேறு சிக்கல்களும் உண்டு. குழியின் வாய் அகலமாக்கப்பட்டிருப்பதால், கருவியைக் காதில் பொருத்த உதவும் அச்சு சரியாகப் பொருந்தாது. பொருந்தினாலோ காற்றோட்டத்தை அடைத்து ஈரத்தைப் பெருக்கி மீண்டும் சீழ் வடிய வைக்கும். சீழ் வடியும்போது கருவியைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். இப்படி மாதக் கணக்கில் கருவியைப் போட முடியாமல் தவிப்பவர்களுக்கு, அலமாரியில் இருக்கும் கருவி எவ்வளவு உயர்தரமானதாக இருந்தாலும் என்ன பயன்?

கருவி எப்படிப்பட்டது?

காதுக்குள் இருக்கும் பகுதிகளைக் காந்தத்தால் அசைக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1935-ஆம் ஆண்டிலேயே பின்லாந்தைச் சேர்ந்த ஆல்வர் வில்ஸ்கா, செவிப்பறையின் மேல் இரும்புத் துகள்களைத் தூவி, மின்காந்தச் சுருளால் அவற்றை அதிரச் செய்து ஒலி கேட்க வைத்தார். 1980-களில் ஜப்பானிய மருத்துவர்கள், மின்னழுத்தத்தில் வளையும் பீங்கான் படிகத்தைப் பயன்படுத்தும் கருவியை மனிதர்களுக்குப் பொருத்தினார்கள். இன்று அறுவைக்குப் பிந்தைய குறைபாட்டுக்கு அதிகம் பேசப்படும் கருவி வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ். அதன் மையமான பகுதியைக் கண்டுபிடித்த அமெரிக்கரான ஜெஃப்ரி பால், சிறு வயதிலிருந்தே கேட்கும் திறன் குறைந்தவர். தன் தேவையிலிருந்தே அவர் இதற்கு வழி தேடினார். 1996-இல் சூரிச் நகரில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. 2003 முதல் ஆஸ்திரியாவின் மெட்-எல் நிறுவனம் அதைத் தயாரித்து வருகிறது.

கருவிக்கு இரண்டு பாகங்கள். வெளியே, காதுக்குப் பின்னால் தலைமுடிக்குள் மறையும் அளவில் ஒரு செயலி இருக்கும். அதில் ஒலிவாங்கியும் மின்கலமும் உண்டு. தோலுக்கு அடியில் உள்ள பாகத்தோடு அது காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. தோலைத் துளைத்துக்கொண்டு எதுவும் வெளியே வருவதில்லை. செயலி ஒலியை மின்குறிப்பாக மாற்றித் தோலின் ஊடாக உள்ளே அனுப்புகிறது. உள்ளே இருக்கும் சுருள் அதை வாங்கி, மெல்லிய கம்பி வழியாக நடுச்செவிக்குள் இருக்கும் அதிர்வூட்டிக்குக் கொடுக்கிறது. உள்பாகத்துக்கான மின்சாரமும் வெளியிலிருந்தே வருவதால், உள்ளே மின்கலம் இல்லை. அதை மாற்றுவதற்கென்று மறு அறுவை தேவைப்படாது.

அந்த அதிர்வூட்டி சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிகிராம் எடையும் கொண்டது. டைட்டானியம் உறைக்குள் ஒரு சிறு காந்தமும், உறையைச் சுற்றிச் சுருள்களும் இருக்கின்றன. சுருளில் மின்னோட்டம் மாறும்போது உள்ளே இருக்கும் காந்தம் முன்னும் பின்னும் நகர்கிறது. அதன் எதிர்விளைவாக உறை மறுதிசையில் அசைகிறது. உறை எதன் மேல் பொருத்தப்பட்டிருக்கிறதோ அதுவும் சேர்ந்து அசையும். எலும்பில் திருகி நிறுத்த வேண்டிய அவசியமின்றி, அசைய வேண்டிய இடத்திலேயே பற்றிக்கொண்டு நிற்கும் இந்த ஏற்பாடுதான் பின்னாளில் பல புதிய பயன்களுக்கு வழி திறந்தது.

முதலில் அது உட்செவிக் குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்காகவே, நல்ல நிலையில் உள்ள பட்டடை எலும்பில் கிளிப் போல மாட்டப்பட்டது. எலும்புகளே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? இத்தாலியின் வெரோனா நகரில் விட்டோரியோ கொலெட்டியும் அவருடைய குழுவினரும், அதிர்வூட்டியைக் காக்லியாவின் இரண்டாவது வாயிலான வட்டச் சாளரத்தின் மேல் வைத்து, அதன் பலனை 2006-இல் வெளியிட்டார்கள். காக்லியா எலும்பால் சூழப்பட்டது, திரவம் அமுங்காது. இயல்பான காதில் நீள்வட்டச் சாளரம் உள்ளே அழுந்தும்போது வட்டச் சாளரத்தின் சவ்வு வெளியே புடைத்து இடம் கொடுக்கிறது. அப்போதுதான் திரவம் அசைய முடியும். கொலெட்டி இந்தப் பாதையைத் திருப்பிவிட்டார்: வட்டச் சாளரத்தை அதிர்வூட்டி அழுத்த, அங்கவடியின் அடித்தட்டு வெளியே நகர்ந்து இடம் தருகிறது. திரவம் எந்தப் பக்கத்திலிருந்து அசைக்கப்பட்டாலும் உள்ளே உள்ள சவ்வில் அதே அலை எழுவதால், கேட்கும் உணர்வு அதேபோலக் கிடைக்கிறது. இதைத் தொடர்ந்து 2007-இல் ஐரோப்பாவில் கடத்தல் மற்றும் கலப்பு வகைக் குறைபாடுகளுக்கும் இக்கருவி அனுமதிக்கப்பட்டது.

அங்கவடி எஞ்சியிருந்தால் அதன் தலையில், அடித்தட்டு மட்டும் இருந்தால் அதன் மேல், இரண்டும் வசதிப்படாவிட்டால் வட்டச் சாளரத்தில் என்று எஞ்சியிருப்பதைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணைப்புத் துண்டுகள் இன்று கிடைக்கின்றன. வட்டச் சாளரம் இவற்றுள் நுட்பமானது. அதன் சவ்வு எலும்பு விளிம்புக்கு அடியில் மறைந்திருக்கும். அந்த விளிம்பை மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும், சவ்வையோ கிழிக்கக் கூடாது, அதிர்வூட்டி பக்கத்து எலும்பில் உரசவும் கூடாது. உரசினால் ஆற்றல் எலும்பில் வீணாகும். தளர்வாக இருந்தால் காலப்போக்கில் நகர்ந்துவிடும். முதலில் நன்றாகக் கேட்டு, சில மாதங்களில் ஒலி மங்கிப்போகும் நோயாளிகளிடம் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது இந்த நகர்வைத்தான்.

அறுவைக் குழியும் தொடர் கண்காணிப்பும்

குழி உள்ள காதில் கருவியைப் பொருத்துவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குழியின் உள்தோல் மிக மெல்லியது. அதற்கு அடியில் ஓடும் கம்பி நாளடைவில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியலாம். தெரிந்தால் கிருமி புகும். இதைத் தவிர்க்க, எலும்பில் பள்ளம் வெட்டிக் கம்பியை ஆழமாகப் பதித்து, மேலே குருத்தெலும்பால் மூடுவார்கள். மீண்டும் மீண்டும் சீழ் வைக்கும் காதாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், காதைச் சுற்றியுள்ள எலும்பின் காற்றறைகள் அனைத்தையும் சுத்தமாக நீக்கி, மூக்கோடு இணைக்கும் குழாயின் வாயை அடைத்து, வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பால் குழியை நிரப்பி, காதுத் துளையையே உள்ளுக்குள் தைத்து மூடிவிடுவது உண்டு. வெளிக்காது அப்படியே இருக்கும். துளை மட்டும் இருக்காது. கேட்பதற்குக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும் இந்த ஏற்பாடு, பல்லாண்டு சீழோடு போராடியவர்களுக்கு உண்மையில் பெரிய விடுதலை: வடிதல் நின்றுவிடும், குளிக்கும்போது காதில் தண்ணீர் போய்விடுமோ என்ற அச்சம் இருக்காது.

ஆனால் மூடிய காதுக்குள் இனி யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கொலஸ்டியடோமாவின் சிறு துணுக்கு உள்ளே தங்கியிருந்தால் அது சத்தமில்லாமல் வளரும். அதைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி எம்.ஆர்.ஐ. படம், ஆனால் கருவியில் உள்ள காந்தம் படத்தில் தன்னைச் சுற்றி ஒரு பெரிய கறுப்பு நிழலை உண்டாக்கும், அதுவும் பார்க்க வேண்டிய இடத்தை ஒட்டியே. பழைய மாதிரிகளோடு எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கே தடை உண்டு. புதிய மாதிரிகளுக்கு 1.5 டெஸ்லா காந்தப்புலம் வரை, நிபந்தனைகளோடு அனுமதி இருக்கிறது. இதனால் நோய் மீதமிருக்கும் ஐயம் சிறிதளவு இருந்தாலும் முதலில் குழியை மூடி, சில மாதங்களோ அதற்கு மேலோ காத்திருந்து, படம் எடுத்து உறுதி செய்த பின்பே கருவியைப் பொருத்துவது வழக்கம். இந்தக் காத்திருப்பு நோயாளிக்குச் சலிப்பாக இருக்கும். இருந்தாலும் இதில் அவசரப்படுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கேட்கும் திறனுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது முதல் அறுவைச் சிகிச்சையின் நோக்கத்தையே குலைத்துவிடும்.

யாருக்குப் பொருந்தும்?

முடிவு செய்வது பெரும்பாலும் எலும்புவழிக் கோடுதான். கலப்பு வகைக் குறைபாட்டில், 500 ஹெர்ட்ஸில் சுமார் 45 டெசிபல், 1000 ஹெர்ட்ஸில் 50, அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில் 65 டெசிபல் வரை எலும்புவழி அளவு இருந்தால் கருவி உதவும் என்று கொள்கிறார்கள். அதைத் தாண்டி உட்செவி பலவீனமாக இருந்தால், நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டும் காக்லியா உள்வைப்பே பொருத்தம். செவி நரம்பிலோ மூளையிலோ கோளாறு இருந்தால் நடுச்செவிக் கருவியால் பயனில்லை. காதில் கிருமித் தொற்று இருக்கும்போது எந்தக் கருவியையும் வைக்க மாட்டார்கள். முழுவதும் உடலுக்குள் பதிக்கப்படும் எஸ்டீம் போன்ற கருவிகளும் உண்டு. ஆனால் அவை செவிப்பறையின் அசைவையே ஒலிவாங்கியாகப் பயன்படுத்துவதால் நடுச்செவி சிதைந்தவர்களுக்கு ஏற்றவை அல்ல.

இதே நோயாளிகளுக்கு எலும்புவழிக் கருவிகளும் கிடைக்கின்றன. அவை மண்டையோட்டை அதிரச் செய்து உட்செவியைச் சென்றடைகின்றன. நடுச்செவியைத் தொட வேண்டியதில்லை என்பதால் அறுவை எளிது. உட்செவி ஓரளவு நன்றாக இருப்பவர்களுக்கு அவை போதுமானவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மண்டையோட்டின் அதிர்வு இரண்டு காதுகளுக்கும் சேர்ந்தே போகிறது. நடுச்செவிக் கருவியோ எந்தக் காதில் வைத்தோமோ அதை மட்டுமே அசைக்கிறது. உட்செவிக் குறைபாடு கூடக் கூட, குறிப்பாக உயர்ந்த அதிர்வெண்களில், நேரடியாக அசைக்கும் கருவிக்கு அனுகூலம் கூடுகிறது. எலும்புவழிக் கருவியைத் தலைப்பட்டையில் மாட்டி அறுவைக்கு முன்பே கேட்டுப் பார்க்கலாம். நடுச்செவிக் கருவியை அப்படி முன்கூட்டிச் சோதிக்க வழியில்லை. ஆகையால் இரண்டுக்கும் நடுவில் தயங்குபவர்கள் தலைப்பட்டையைச் சில நாட்கள் அன்றாட வாழ்வில் அணிந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

அறுவைச் சிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். முக நரம்பு அருகிலேயே ஓடுவதால் அதைக் கண்காணிக்கும் கருவியை வைத்துக்கொண்டு செய்வார்கள். சுவை மாறுபாடு, தலைச்சுற்றல், காதிரைச்சல், கிருமித் தொற்று, உட்செவித் திறன் மேலும் குறைதல், அதிர்வூட்டி நகர்வதால் மறு அறுவை ஆகியவை நேரக்கூடியவை. காயம் ஆறிய பின், ஏறக்குறைய 4 முதல் 8 வாரங்கள் கழித்தே செயலியை இயக்கி வைப்பார்கள். முதல் நாளில் ஒலி அந்நியமாகத் தோன்றலாம். செவித்திறன் வல்லுநர் எலும்புவழி அளவுகளை வைத்து அதைச் சீரமைப்பார். அடுத்த மாதங்களில் இரண்டு, மூன்று முறை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். நன்றாகப் பொருந்திய கருவி தொலைந்த நடுச்செவிப் பங்கை மீட்டுத் தந்து, உட்செவியின் குறைபாட்டையும் ஓரளவு ஈடுசெய்யும். உட்செவியில் இறந்துபோன உணர்செல்களை அதனால் உயிர்ப்பிக்க முடியாது. இரைச்சலான இடங்களில் பேச்சைப் பிரித்தறியும் சிரமம் சிலருக்குத் தொடரலாம்.

ஆலோசனைக்குச் செல்லும்போது இரண்டு ஆவணங்களைத் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்று, இதுவரை எடுத்த எல்லா ஆடியோகிராம்களும். எலும்புவழிக் கோடு பல ஆண்டுகளாக நிலையாக இருக்கிறதா, ஒவ்வோர் ஆண்டும் சரிகிறதா என்பது அவற்றில்தான் தெரியும். வேகமாகச் சரியும் காதில் இன்று வைக்கும் நடுச்செவிக் கருவி விரைவிலேயே போதாமல் போகலாம். மற்றொன்று, முந்தைய அறுவைச் சிகிச்சைகளின் குறிப்பு. அங்கவடி எஞ்சியிருக்கிறதா, அடித்தட்டு அசைகிறதா, முக நரம்பு எலும்பு மூடியின்றி வெளியே தெரிகிறதா என்பவற்றை சி.டி. படம் ஓரளவு காட்டும் என்றாலும், காதைத் திறந்து நேரில் பார்த்தவர் எழுதி வைத்த குறிப்பு அதைவிடத் தெளிவாகச் சொல்லும். அது கையில் இல்லாதவர்கள் அறுவை நடந்த மருத்துவமனையில் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுக்கொண்டு ஆலோசனைக்குச் செல்லலாம்.